ஜம்ப் ரேஸ் வெறும் லாட்டரியா? விழுகிற குதிரையும் கட்டுகிற காசும்

கிண்டி கேலரி | 16 நவம்பர் 2024, காலை 11:20

கேள்வி இல்லை, வாதம். கிண்டியிலும் பெங்களூரிலும் ஓடுவது தடையில்லாத பிளாட் ரேஸ். 1200 மீட்டர், 1600 மீட்டர். கேட் திறந்தால் ஓட வேண்டியதுதான். எடை, டிரா (கிளம்பும் கேட் எண்), டைமிங் என்று கணக்குப் போட ஏதாவது இருக்கும். பிரிட்டனில் குளிர்காலம் முழுக்க நடக்கிற இந்த ஜம்ப் ரேஸ் அப்படியா? 2 மைல் முதல் 4 மைலுக்கு மேல் வரை ஓட்டம், வழியெல்லாம் தடை. பத்து லெங்த் (குதிரை நீளம்) முன்னால் வருகிற குதிரை கடைசித் தடையில் இடறி விழுந்தால் காசு போச்சு. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது பிளாட்டுக்குச் சரி. இது சுத்த லாட்டரி. மறுக்கிறவர்கள் வரலாம்.

சேறுமிதி | 16 நவம்பர், பகல் 1:05

வந்துவிட்டேன். ஒரு வாரத்து ரிசல்ட்டை எடுத்து, குதிரை பெயருக்கு முன்னால் இருக்கிற எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். எஃப் என்றால் விழுந்தது. யூ என்றால் ஜாக்கி மட்டும் விழுந்தார். பி என்றால் ஓட முடியாமல் ஜாக்கியே நிறுத்திவிட்டார். பி என்பது பெரும்பாலும் எஃப்பைவிட அதிகமாக இருக்கும். அதாவது ஜம்ப் ரேஸில் காசு போவது விழுந்ததால் இல்லை, தூரமும் தரையும் ஒத்துவராத குதிரைமேல் கட்டியதால். அது முன்கூட்டியே ரேஸ் கார்டில், அதாவது ஓடும் குதிரைகளின் பட்டியலில், தெரிகிற விஷயம்.

ஹர்டில், சேஸ் என்ற இரண்டு வகை ஜம்ப் ரேஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். ஹர்டில் மூன்றரை அடி, இடித்தால் சாயும். காலை உரசிக்கொண்டே தாண்டிப் போகிற குதிரைகள் உண்டு. சேஸில் ஃபென்ஸ் குறைந்தது நாலரை அடி, இடித்தால் அது அசையாது. விழும் அபாயம் பெரும்பாலும் சேஸில்தான், அதிலும் அந்த சீசனில்தான் ஃபென்ஸுக்கு வந்திருக்கிற நோவிஸ் குதிரைகளிடம்.

ஹாரோ தம்பி | 16 நவம்பர், பகல் 1:40

ஃபார்ம் வரிசையை (பழைய ஓட்டங்களின் முடிவுகளை) எந்தப் பக்கத்திலிருந்து படிக்கணும்? 3பி/12-எஃப்1 என்று ஒன்று பார்த்தேன். கோடெல்லாம் எதுக்கு?

சேறுமிதி | 16 நவம்பர், பகல் 2:15

வலது ஓரம்தான் கடைசி ஓட்டம். சிறு கோடு ஒரு சீசன் முடிந்ததைக் காட்டும். சாய்கோடு வந்தால் நடுவில் ஒரு முழு சீசன் ஓடவில்லை என்று பொருள், பெரும்பாலும் காலில் காயம். உங்கள் குதிரை நெடுநாள் ஓய்வுக்குப் பின் வந்து முதலும் இரண்டாவதும் ஓடியது, இந்த சீசன் முதல் ரேஸில் விழுந்தது, அடுத்ததில் ஜெயித்தது. இந்த எஃப்பை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். விழுந்த கையோடு வந்து ஜெயித்த குதிரை பயத்தை விட்டுவிட்டது.

எந்தத் தடையில் விழுந்தது என்று ரேஸ் குறிப்பில் இருக்கும், படியுங்கள். இரண்டாவது தடையில் விழுந்தால் தாண்டத் தெரியவில்லை அல்லது கவனம் இல்லை. கடைசிக்கு முந்தைய தடையில், மூச்சு வாங்கிக்கொண்டு விழுந்தால் அது தூரத்தின் பிரச்சினை. அந்தக் குதிரையை அரை மைல் குறைந்த ரேஸில் பார்க்கலாம்.

குரோய்டன் அண்ணை | 17 நவம்பர், இரவு 9:30

தம்பிமார், தரையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. இங்க முதல் பார்க்கவேண்டியது அதுதான். ஈரம் கூடக்கூட குட், குட் டு சாஃப்ட், சாஃப்ட், ஹெவி எண்டு போகும். அயர்லாந்தில குட்டுக்கும் சாஃப்டுக்கும் நடுவில யீல்டிங் எண்டு ஒண்டு வைச்சிருக்கிறாங்கள். பொதுவா முதல் நாள் காலமை 10 மணிக்கு ஓடுற குதிரைகளின்ர பட்டியல் முடிஞ்சிடும். ராத்திரி 15 மில்லிமீட்டர் மழை பெய்தால் விடியத் தரை வேறை. தரை பிடிக்காத குதிரையளை டிரெய்னர்மார் காலமையே எடுத்துப்போடுவினம். அதால முதல் நாள் பின்னேரம் கட்டிற ஆள் மழைக்கும் சேர்த்துத்தான் கட்டுறார்.

சில்லறைக்காசு | 17 நவம்பர், இரவு 10:10

அண்ணன் சொன்னதோடு ரூல் 4 சேர வேண்டும். நீங்கள் விலையைப் பிடித்துக் கட்டிய பிறகு வேறொரு குதிரை விலகினால், அதன் விலையைப் பொறுத்து உங்கள் லாபத்தில் பிடித்தம். 14/1க்கு (ஒன்று கட்டினால் பதினான்கு லாபம்) மேல் இருந்த குதிரை விலகினால் பிடித்தமே இல்லை. 10/1 முதல் 14/1 வரை என்றால் பவுண்டுக்கு 5 பென்ஸ். 5/2 முதல் 3/1 வரை 25 பென்ஸ். 15/8 முதல் 9/4 வரை 30. ஈவன்ஸ் (1/1) முதல் 6/5 வரை 45.

5/1இல் 10 பவுண்டு கட்டியிருக்கிறீர்கள், 2/1 குதிரை விலகியது. லாபம் 50 வர வேண்டியது, 30 சதவீதம் போய் 35. போட்ட 10ஐயும் சேர்த்துக் கைக்கு 45. பிடித்தம் லாபத்தில் மட்டும்தான், போட்ட காசில் இல்லை. ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று வாரத்துக்கு ஒருவராவது இங்கே வந்து எழுதுகிறார். பாதிப் பேரின் கேள்விக்கு இந்தப் பட்டியலே பதில்.

கிண்டி கேலரி | 18 நவம்பர், காலை 8:00

தரை, தூரம், மழை, விலகல். லாட்டரிச் சீட்டில்கூட இவ்வளவு நிபந்தனை கிடையாது.

சேறுமிதி | 18 நவம்பர், இரவு 8:45

நிபந்தனை கூடக் கூட லாட்டரி இல்லை என்றுதானே ஆகிறது? எல்லோருக்கும் ஒரே விலையில் சீட்டு விற்றால்தான் லாட்டரி. இங்கே விலை ஒவ்வொரு குதிரைக்கும் வேறு. அந்த விலை சரியா தப்பா என்பது மட்டுமே கேள்வி.

ஆறு குதிரை ரேஸ் ஒன்று: 2/1, 3/1, 4/1, 6/1, 8/1, 10/1. ஒவ்வொன்றையும் சதவீதமாக்குங்கள் (2/1 என்றால் மூன்றில் ஒன்று, 3/1 என்றால் நான்கில் ஒன்று): 33.3, 25, 20, 14.3, 11.1, 9.1. கூட்டினால் 112.8. நூறைத் தாண்டிய அந்த 12.8தான் புக்கியின் கடை வாடகை. ஆறு குதிரைக்கு 12.8 என்றால் குதிரைக்கு இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல், அது பரவாயில்லை. குதிரைக்கு மூன்றைத் தாண்டினால் நான் அந்த ரேஸைப் பார்ப்பதோடு சரி.

விழும் அபாயமும் அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது. தாண்டத் தடுமாறுகிற நோவிஸ் 6/4இல் இருந்தால் தொடாதீர்கள், அதே குதிரை 5/1 என்றால் யோசிக்கலாம்.

ஹாரோ தம்பி | 30 நவம்பர், மாலை 5:15

ஈச் வே ஒரு ரேஸில் மூன்று இடம், இன்னொன்றில் இரண்டு இடம் என்று வருகிறது. பாதிப் பணம் வந்தால் சந்தோஷம்தான், ஆனால் எப்போது எத்தனை என்று புரியவில்லை.

சில்லறைக்காசு | 30 நவம்பர், மாலை 6:00

5 பவுண்டு ஈச் வே என்றால் மொத்தம் 10 போகிறது, 5 வின்னுக்கு, 5 பிளேஸுக்கு (முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும்). வழக்கமான விதி: 4 குதிரை வரை வின் மட்டும். 5 முதல் 7 வரை இரண்டு இடம், விலையில் கால் பங்கு. 8 அல்லது அதற்கு மேல் மூன்று இடம், ஐந்தில் ஒரு பங்கு. ஹேண்டிகேப் (திறமைக்கேற்ப எடை ஏற்றுகிற ரேஸ்) என்றால் 12 முதல் 15 வரை மூன்று இடம், கால் பங்கு. 16 அல்லது அதற்கு மேல் நான்கு இடம், கால் பங்கு.

கவனிக்க வேண்டியது 8 குதிரை ரேஸ். மூன்று இடத்தை நம்பிக் கட்டியிருப்பீர்கள். காலையில் ஒன்று விலகினால் 7 ஆகி, மூன்றாவது இடம் காணாமல் போகும். 16 பேர் ஓடுகிற ஹேண்டிகேப்பிலும் இதே கதை. ஒன்றிரண்டு விலகினாலும் 16க்குக் கீழே போகாத ரேஸில்தான் ஈச் வே கட்ட வேண்டும். சரியாக 16 இருக்கிறதில் கட்டுவது வீண் வம்பு.

குரோய்டன் அண்ணை | 8 டிசம்பர், காலை 10:20

நேற்று புயலில ஏன்ட்ரி மைதானத்தில மீட்டிங் ரத்து. சாண்டவுன் மைதானத்தில டிங்கிள் கிரீக் ரேஸ் நடந்தது, ஜான்பான் வெண்டது. ரத்தானால் கட்டின காசு திரும்பும், கவலைப்படாதேங்கோ. அக்குமுலேட்டரில (கன ரேஸைக் கோத்து ஒண்டாக் கட்டுறது) அந்த ரேஸை மட்டும் கழிச்சுப்போட்டு மிச்சத்தைக் கணக்குப் பார்ப்பினம்.

சாண்டவுனைப் பார்க்காத ஆக்களுக்கு: பின்பக்கத்தில மூண்டு ஃபென்ஸ் அடுத்தடுத்து வரும், ரெயில்வே ஃபென்ஸ் எண்டு பேர், ரெயில் பாதைக்குப் பக்கத்தில. முதலாவதில தாளம் தப்பினால் மூண்டிலயும் தப்பும். அங்க நல்லாத் தாண்டுற குதிரைக்கு நாலு லெங்த் சும்மா கிடைக்கும். முடிவு மேட்டில.

கிண்டி கேலரி | 8 டிசம்பர், பகல் 12:30

அண்ணை, கொழும்பில் இங்கிலாந்து ரேஸுக்குப் புக்கிக் கடையில் கட்டுவார்களே, அவர்களுக்கும் ரெயில்வே ஃபென்ஸ் தெரியுமா?

குரோய்டன் அண்ணை | 8 டிசம்பர், பகல் 12:50

உங்களைவிட நல்லாத் தெரியும்.

சேறுமிதி | 28 டிசம்பர், காலை 9:30

கிங் ஜார்ஜ் ரேஸ் பார்த்திருப்பீர்கள். கெம்ப்டன் மைதானம், 3 மைல், வலது கை (வலப்பக்கம் திரும்பும் பாதை), சமதளம். இல் எஸ்ட் ஃபிரான்சே முன்னாலேயே ஓடி, கடைசியில் பான்பிரிட்ஜ் பிடித்துவிட்டது. கெம்ப்டனில் ஜெயித்தால் மார்ச்சில் செல்ட்டனம் கோல்டு கப்பும் கிடைக்கும் என்று இப்போதே விலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோல்டு கப் 3 மைல் 2½ ஃபர்லாங், 22 ஃபென்ஸ், இடது கை, ஏற்ற இறக்கம், கடைசியில் மேடு. இரண்டு வேறு பரீட்சை. காட்டோ ஸ்டார் கிங் ஜார்ஜை ஐந்து முறை வென்றது, கோல்டு கப்பை 2007, 2009 என இரண்டே முறை. டெசர்ட் ஆர்க்கிட் கெம்ப்டனில் நான்கு, செல்ட்டனமில் 1989இல் ஒன்று.

இன்னொன்று, இந்த மாதமும் அடுத்த மாதமும் அதிகம் வருவது. பிற்பகலில் சூரியன் தாழ்ந்து குதிரையின் கண்ணில் அடித்தால் அந்தப் பக்கத்துத் தடைகளை எடுத்துவிடுவார்கள். நேர்ப்பாதைத் தடைகள் போய்விட்டால் கடைசி அரை மைல் சும்மா ஓட்டம். தாண்டுவதில் சாமர்த்தியம் உள்ள குதிரைக்கு நஷ்டம், பிளாட் வேகம் உள்ளதற்கு லாபம். வெயில் அடிக்கிற நாளில் பிற்பகல் இரண்டரைக்கு மேல் ரேஸ் என்றால் கட்டுவதற்கு முன் அறிவிப்பைப் பாருங்கள். விலை மாறுவதற்குச் சில நிமிடம் பிடிக்கும்.

ஹாரோ தம்பி | 5 ஜனவரி 2025, இரவு 7:50

பதிவு நோட்டு வைக்கச் சொல்கிறார்கள். என்னவெல்லாம் எழுதுவது?

சில்லறைக்காசு | 5 ஜனவரி, இரவு 8:30

தேதி, கோர்ஸ், ஹர்டிலா சேஸா, தூரம், தரை, குதிரை, நீங்கள் பிடித்த விலை, கிளம்பும்போது இருந்த விலை (எஸ்பி), கட்டிய தொகை, முடிவு. கடைசியில் ஏன் கட்டினீர்கள் என்று ஒரே வரி. இது ரேஸுக்கு முன்னால் எழுத வேண்டும், பின்னால் எழுதினால் எல்லோரும் மேதைதான்.

முக்கியமான கட்டம் உங்கள் விலைக்கும் எஸ்பிக்கும் உள்ள வித்தியாசம். 8/1இல் பிடித்தது 5/1இல் கிளம்பினால், தோற்றாலும் நீங்கள் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். எப்போதும் 5/1இல் பிடித்து 8/1இல் கிளம்புகிறது என்றால், இந்த மாதம் லாபமாகவே இருந்தாலும் அது அதிர்ஷ்டம்.

தொகை: பொழுதுபோக்குக்கு ஒதுக்கியதை நூறாகப் பிரித்து ஒரு ரேஸுக்கு ஒன்று. ஐந்தில் ஒன்று ஜெயிக்கிற ஆளுக்கும் அடுத்த பத்தும் தோற்க நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது, 0.8ஐப் பத்துமுறை பெருக்கிப் பாருங்கள். தோற்றபின் இரட்டிப்பாகக் கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்தப் பத்தில்தான். கணக்கில் டெபாசிட் வரம்பு போடும் வசதி இருக்கிறது, முதல் நாளே போடுங்கள். கை மீறுகிறது என்று தோன்றினால் பிரிட்டனில் கேம்ஸ்டாப்பில் ஒரு முறை பதிந்தால் உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் புக்கிகளிலும் கதவு மூடும். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் ரேஸைப் பார்ப்பதோடு நிறுத்துங்கள், சட்டம் வேறு.

கிண்டி கேலரி | 11 மார்ச், மாலை 6:10

செல்ட்டனமில் சாம்பியன் ஹர்டில் பார்த்தீர்களா ஐயாமார்களே? ஏழு குதிரை. 1/2 ஃபேவரிட் கான்ஸ்டிட்யூஷன் ஹில் ஐந்தாவது ஹர்டிலில் குப்புற விழுந்தது. ஸ்டேட் மேன் தனியாக வந்து கடைசி ஹர்டிலில் விழுந்தது. 25/1 கோல்டன் ஏஸ் ஜெயித்தது. நான் நவம்பரில் சொன்னது என்ன?

குரோய்டன் அண்ணை | 11 மார்ச், மாலை 6:25

ஓமோம், வந்திட்டார்.

சேறுமிதி | 11 மார்ச், இரவு 9:00

இப்படி ஒரு ரேஸ் எப்போதோ ஒருமுறைதான் வரும், மறுக்கவில்லை. ஆனால் 1/2 என்பதன் பொருளைப் பாருங்கள். மூன்றில் இரண்டு முறை ஜெயித்தால்தான் போட்டது திரும்பும். எட்டு ஹர்டில் தாண்ட வேண்டிய ரேஸில் அந்த விலையில் கட்டுவதற்கு, குதிரை எவ்வளவு பெரியதானாலும் எனக்குக் கை வராது. அதை மறுத்தவர்களுக்கு இன்று ஒரு நஷ்டமும் இல்லை.

கோல்டன் ஏஸை யாரும் குருட்டாம்போக்கில் எடுக்கவும் இல்லை. போன வருடம் இதே மைதானத்தில் நோவிஸ் ரேஸில் பிரைட்டர்டேஸ்அஹெட்டைத் தோற்கடித்த பெண் குதிரை. பெண் குதிரைக்கு 7 ராத்தல் எடைச் சலுகை. இன்று பிரைட்டர்டேஸ்அஹெட் இரண்டாவது ஃபேவரிட், இது 25/1. இந்த இடைவெளி காலையிலேயே கார்டில் இருந்தது.

சில்லறைக்காசு | 11 மார்ச், இரவு 9:40

கோல்டன் ஏஸ்மேல் 5 பவுண்டு ஈச் வே, ஏழு குதிரை, கால் பங்கு: வின் பக்கம் 130, பிளேஸ் பக்கம் 36.25. மொத்தம் 166.25.

அக்குமுலேட்டர்காரர்களுக்கும் ஒன்று. 1/2இல் நான்கு ஃபேவரிட்டைச் சேர்த்தால் ஒரு பவுண்டுக்கு 5.06 வரும். விலை சொல்கிற வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் 66.7. உண்மை வாய்ப்பு 62 என்று வையுங்கள். தனித்தனியாகக் கட்டினால் பவுண்டுக்கு 93 பென்ஸ் திரும்பும். நான்கையும் கோத்தால் 75 பென்ஸ். புக்கியின் லாபம் ஒவ்வொரு ரேஸிலும் பெருகுகிறது. 2015இல் ஆனி பவர் மேர்ஸ் ஹர்டிலின் கடைசித் தடையில் விழுந்தது நினைவிருக்கும். அதன் டிரெய்னர் வில்லி முல்லின்ஸின் மற்ற மூன்றும் அன்று ஜெயித்து, எல்லோருடைய சீட்டும் அந்தக் கடைசிக் குதிரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹாரோ தம்பி | 20 மார்ச், மாலை 4:30

கோல்டு கப் ஜெயித்த இனோதவேயர்திங்கின்மேல் கிராண்ட் நேஷனலுக்கு முன்பே கட்டியிருக்கிறேன். இப்போது அதை நேஷனல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். பணம் வருமா?

சில்லறைக்காசு | 20 மார்ச், மாலை 4:45

ஆன்டி போஸ்டில் (ரேஸுக்கு வெகுநாள் முன்பே பிடிக்கிற விலையில்) கட்டியிருந்தால் வராது. ‘நான் ரன்னர் நோ பெட்’ (ஓடாவிட்டால் பந்தயமே இல்லை) என்று குறிப்பிட்டிருந்தால் வரும். சீட்டைத் திறந்து பாருங்கள்.

சேறுமிதி | 20 மார்ச், இரவு 8:20

ஆன்டி போஸ்டில் விலை பெரிதாக இருப்பதற்குக் காரணமே இந்த அபாயம். குதிரை ஓடாமல் போகலாம், வேறு ரேஸுக்குப் போகலாம். ஜனவரியில் 20/1 என்றால், அது ஓடும் நாளில் 10/1க்குக் கீழே வரும் என்று தோன்றினால் மட்டுமே அர்த்தம் உண்டு. பெரிய டிரெய்னரிடம் ஒரே ரேஸுக்கு ஐந்தாறு குதிரை இருக்கும். எதை எங்கே அனுப்புவார் என்பது கடைசி வாரம்வரை தெரியாது. ரேஸ் நெருங்கும்போது நான் ரன்னர் நோ பெட் பல இடத்தில் வந்துவிடும். அதுவரை பொறுத்தால் விலையில் கொஞ்சம் போகும், தூக்கம் மிஞ்சும்.

கிண்டி கேலரி | 4 ஏப்ரல், காலை 7:45

கான்ஸ்டிட்யூஷன் ஹில் நேற்று ஏன்ட்ரியிலும் விழுந்தது. இதையும் கார்டில் படித்தீர்களா?

சேறுமிதி | 4 ஏப்ரல், காலை 9:10

தொடர்ந்து இரண்டு எஃப் என்றால் அது இனி விபத்து இல்லை, குணம் என்றே எடுத்துக்கொள்வேன். நவம்பரில் எழுதியதையே திருத்துகிறேன்: ஒரு எஃப்பை மன்னிக்கலாம், அடுத்த ஓட்டத்தில் ஒழுங்காகத் தாண்டினால் மட்டும். அந்த ரேஸை லோசிமவுத் ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை, ஒழுங்காகத் தாண்டிக் கடைசிவரை ஓடுகிற குதிரை.

குரோய்டன் அண்ணை | 5 ஏப்ரல், இரவு 7:00

நேஷனல் முடிஞ்சுது: வெண்டது நிக் ராக்கெட், 33/1. ஐ ஆம் மேக்சிமஸ் ரெண்டாவது, கிரேஞ்ச்கிளேர் வெஸ்ட் மூண்டாவது. மூண்டும் ஒரே முல்லின்ஸின்ர லாயம், முதலாவதில சவாரி மகன் பேட்ரிக். போன வருஷத்தில இருந்து 40 இல்லை, 34 குதிரைதான். முதல் ஃபென்ஸையும் 60 கெஜம் முன்னுக்குக் கொண்டுவந்திட்டாங்கள், வேகமாப் போய் முட்டக்கூடாதெண்டு. சத்தமும் சனமும் குறைஞ்சு போச்செண்டு சிலர் அழுகினம். எனக்கு இப்பத்தை நேஷனல்தான் பிடிக்கும். நல்ல குதிரை வெல்லுது.

சில்லறைக்காசு | 5 ஏப்ரல், இரவு 8:15

நிக் ராக்கெட்டுக்கு, இடம் கூட்டிக் கொடுத்த கடைகளில் ஐந்தில் ஒரு பங்கு: 5 பவுண்டு ஈச் வேக்கு வின் 170, பிளேஸ் 38, ஆக 208. நான்கு இடம், கால் பங்கு வைத்த கடையில் பிளேஸ் 46.25, ஆக 216.25. ஜெயித்த குதிரையைப் பிடித்தவருக்கு இரண்டாவது கடை மேல், ஐந்தாவது வந்த குதிரையைப் பிடித்தவருக்கு முதல் கடை மட்டுமே காசு தரும். ‘ஆறு இடம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தவுடன் ஓடாமல் பங்கையும் பாருங்கள்.

ஹாரோ தம்பி | 6 ஏப்ரல், காலை 10:00

இனி அக்டோபர் வரை லீவா?

சேறுமிதி | 6 ஏப்ரல், காலை 11:30

இல்லை. இந்த மாதக் கடைசியில் சாண்டவுனில் சீசன் முடியும், அயர்லாந்தில் பஞ்ச்ஸ்டவுன் இருக்கிறது. அதன்பின் கோடை ஜம்ப்: நியூட்டன் அபட், வூஸ்டர், கார்ட்மெல். தரை குட், பந்தயம் சிறியது, குளிர்காலத்துச் சேற்றில் ஜெயித்த குதிரைகள் பெரும்பாலும் ஓய்வில். சாஃப்ட், ஹெவி தரையில் எடுத்த ரேட்டிங்கை நம்பிக் கட்டாதீர்கள்; குட் தரையில் முன்பு ஓடிய வரிகளை மட்டும் பிரித்து எடுங்கள், அது இரண்டு வருடம் பழையதாக இருந்தாலும் சரி.

கார்ட்மெலில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே சேஸில் கடைசி ஃபென்ஸுக்குப் பின் ஏறக்குறைய நான்கு ஃபர்லாங் ஓட வேண்டும், பிரிட்டனிலேயே நீளமான முடிவு. ஏன்ட்ரியில்கூட 494 கெஜம்தான். கடைசித் தடையில் ஐந்து லெங்த் முன்னால் வருகிறதைப் பார்த்து எக்ஸ்சேஞ்சில் (கட்டுகிறவர்களே ஒருவருக்கொருவர் விலை வைக்கும் தளத்தில்) அவசரமாக வாங்கவும் வேண்டாம், டிவி படம் சில நொடி தாமதம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கிண்டி கேலரி | 6 ஏப்ரல், பகல் 12:05

கார்ட்மெல் எந்தத் தேதி?

குரோய்டன் அண்ணை | 6 ஏப்ரல், பகல் 12:10

மே கடைசி, பேங்க் ஹாலிடே கிழமை. ஏன், லாட்டரிச் சீட்டு வாங்கவோ?